நாலும் நல்லது

சனிக்கிழமை காலை உம்மு ஷாஹிர் தேநீரைத் தொடவில்லை. ரொட்டியைப் பிய்த்தாள், ஆலிவ் எண்ணெயில் தோய்த்தாள், ஸஅதர் என்ற மூலிகைப் பொடியில் புரட்டித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். துண்டுகள் வரிசையாக அப்படியே இருந்தன.

"சாப்பிடுங்க அத்தை," என்றாள் ஹியாம்.

"கார் பாக்கப் போறப்ப வயிறு கனமா இருக்கக் கூடாது."

"திரும்பி வர மதியம் ஆயிடும்."

"ஆகட்டுமே. இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு மதியம் வரைக்கும் காத்திருக்கத் தெரியாதா?"

உம்மு ஷாஹிரின் கணவர் தலைநகர் அம்மானில் ஒரு மந்திரிக்கு இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டினார். பெரிய, கறுப்பு ஜெர்மன் கார். சில நாள் மதியச் சாப்பாட்டுக்கு அதை பக்கத்து ஊரான ஸர்க்காவில் இருக்கும் வீட்டு வாசலுக்கே கொண்டுவருவார். தெருவே வெளியே வந்து பார்க்கும். உம்மு ஷாஹிர் ஈரத்துணியால் கண்ணாடிகளைத் துடைத்துக் கொடுப்பாள். பின்சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். "அது உன் இடம் இல்ல," என்றார் அவர். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்தக் கார்களை மந்திரிகள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

வீட்டில் சின்ன மின்சார கார் ஒன்று இருந்தது. ஹியாமின் கணவன் ஷாஹிர் மருந்துக் கடைகளுக்கு அலைவது அதில்தான். இரண்டாவதாக ஒன்று வாங்கலாம் என்று ஆனதும், குழந்தைகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதே மாதிரி சின்னதாக ஒன்று போதும் என்று ஹியாம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அந்த ஒரு தடவையை மாமியார் மறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சல்த் ஊரில் தங்கை மகனுக்குக் கல்யாணம். கறுப்பு காரின் பின்சீட்டிலிருந்து அங்கே இறங்க வேண்டும் என்பது அவள் முடிவு.

ஷாஹிர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான்.

"இவளுக்குப் பிடிக்கலடா," என்றாள் அம்மா. "மூஞ்சியப் பாரு."

"அவ ஒண்ணும் சொல்லலியேம்மா."

"சொல்லாம இருந்தே காரியம் சாதிக்கிறவ அவ."

இரண்டு பெண்களுக்கு நடுவில் பேச்சு வந்தால் ஷாஹிர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். இப்போதும் பார்த்தான். "நீயும் வா ஹியாம். உனக்கு இதெல்லாம் தெரியும்ல."

"தெரியாம? குழிக்குள்ள வளந்தவளாச்சே," என்றாள் உம்மு ஷாஹிர்.

அது உண்மைதான். ஹியாமின் அப்பா ஜமீல் பழைய கார்களைச் சோதித்துத் தாள் எழுதிக் கொடுக்கும் நிலையம் வைத்திருந்தார். பத்து வயதிலிருந்து கல்யாணம் வரை அவள் சோதனைக் குழிக்கு மேலே முக்காலியில் உட்கார்ந்து தாள் எழுதினாள். அப்பா காருக்கு அடியிலிருந்து குரல் கொடுப்பார். காரின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு நாலு முனை. தாளில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு கட்டம். நல்லது, அல்லது அடிபட்டது. அந்த ஊரில் பழைய கார் வாங்குகிறவன் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். நாலும் நல்லது என்றால்தான் உட்கார்ந்து பேசுவான். தாளின் அடியில் குறிப்புக்காக ஒரு வெற்று வரி இருக்கும். கட்டங்கள் கேட்காததை அப்பா அங்கே எழுதுவார். அவர் இப்போது இல்லை. தம்பி நதீம் நடத்துகிறான். பலகையில் பெயர் மட்டும் அப்பாவுடையது.

பழைய கார் வியாபாரி அபூ ரத்வானின் முற்றத்தில் அந்த மந்திரி கார் ரகத்தில் மூன்று நின்றன. வெள்ளி நிறத்தது கிளம்பியதும் கியர் மாறும்போது ஒருமுறை குலுங்கியது. பச்சை நிறக் காரின் தாளில் இரண்டு நல்லது, இரண்டு அடிபட்டது.

"அடிபட்டதுல நான் உக்கார மாட்டேன்," என்றாள் உம்மு ஷாஹிர். "நான் பட்டதே போதும்."

மூன்றாவது கறுப்பு. அபூ ரத்வான் பின்கதவைத் திறந்துவிட்டுக் குனிந்தான். "ஏறுங்க ஹாஜ்ஜா. மந்திரி எந்திரிச்சுப் போன சூடு இன்னும் இருக்கு."

அவள் ஏறினாள். பாலாடை நிறத் தோல் சீட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தாள். கதவு சத்தமில்லாமல் மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த முகத்தை ஹியாம் அதுவரை பார்த்ததில்லை. ஒரு கணம் அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

"தாளைப் பாருங்க," என்றான் அபூ ரத்வான். "நாலும் நல்லது. யாரு போட்ட முத்திரைன்னும் பாருங்க. உங்க சம்பந்தி வீடு. இதுக்கு மேல என்ன வேணும்?"

ஹியாம் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினாள். கம்பெனி போட்ட இணைப்பில் கட்டைவிரல் அழுத்தியது போல வட்டப் புள்ளிகள் ஒரே இடைவெளியில் ஓடும். இங்கே புள்ளிகள் இல்லை. புதுத் தார் பூசியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். தாருக்கு அடியில் விரல் பருமனுக்கு வெல்டிங், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. பின்சீட்டைத் தூக்கினால் அங்கேயும் அதுதான் இருக்கும் என்று தெரிந்தது. முன்பக்கம் நசுங்கிய ஒரு காரின் பின்பாதியும் பின்பக்கம் நசுங்கிய ஒரு காரின் முன்பாதியும் சேர்ந்து இந்த ஒரு கார்.

அவள் ஷாஹிரைத் தள்ளி அழைத்துப்போனாள்.

"நடுவுல வெட்டி ஒட்டியிருக்காங்க. வேற இடத்துல ஒருதடவை சோதிச்சுடுங்க."

"தார் பூசாத பழைய கார் உண்டா?"

"தாருக்கு அடியில பாத்தேன். வேகத்துல ஒரு இடி இடிச்சா ரெண்டாப் போயிடும். குழந்தைங்க அது மேலதான் உக்காருவாங்க."

"உன் தம்பி கையெழுத்துப் போட்டிருக்கான்."

"தெரியும்."

"அவன் தாளை வச்சுக்கிட்டு இன்னொருத்தன் குழியில காரை ஏத்தச் சொல்றியா? அது அவன் மூஞ்சில துப்புறதுக்குச் சமம். நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க? மச்சானை நம்பாதவன்னு என்னைப் பேசுவாங்க."

அபூ ரத்வானுக்குக் காது கூர்மை. "தாராளமாச் சோதிங்க தம்பி. எனக்கென்ன. உங்க மச்சானுக்குத்தான் சேதி போகும்."

கார்க் கண்ணாடி இறங்கியது. "என்ன சொல்றா?" என்றாள் உம்மு ஷாஹிர் உள்ளிருந்து. "நான் இதுல உக்காந்தது பொறுக்கலியா?"

ஷாஹிர் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு அபூ ரத்வானுக்குக் கை கொடுத்தான். கை கொடுத்தால் வாக்கு.

மறுநாள் ஹியாம் தம்பியிடம் போனாள். நதீம் குழியிலிருந்து ஏறி வந்து கையைத் துடைத்தான்.

"அபூ ரத்வானோட கறுப்பு கார்," என்றாள்.

"ஆமாக்கா. நாலும் நல்லது."

"நடுவுல வெட்டியிருக்கு."

அவன் வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. "நாலு முனையும் நல்லதுதான். நான் பொய் எழுதல. நடுவுக்குக் கட்டம் கிடையாது."

"கீழ ஒரு வரி இருக்கு."

"அதை எழுதியே ஆகணும்னு யாரும் சொல்லல."

"அப்பா எழுதுவாரு."

"அப்பா காலத்துல இந்த ரோட்டுல நாம ஒருத்தர்தான். இப்ப பதினோரு பேர். குறிப்பு எழுதுறவன்கிட்ட எந்த வியாபாரி வண்டி அனுப்புவான்?"

"நதீம், அது என் வீட்டுக்கு வருது. பின்சீட்டுல தாலாவும் யஸனும் உக்காருவாங்க."

அவன் துணியை மடித்தான். பிரித்தான். "உன் வீட்டுக்குன்னு எனக்குத் தெரியாது."

"இப்பத் தெரியும்."

"இப்ப நான் ஒரு தாளைத் திருத்தினா மத்த தாளெல்லாம் எப்படின்னு கேப்பாங்க. இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். கலர் பிடிக்கலன்னு சொல்லு... சகுனம் சரியில்லன்னு சொல்லு. எதையாவது சொல்லி நிறுத்து. என் பேரை மட்டும் இழுக்காத."

"இழுத்தா?"

"இந்த வாசல் உனக்கு இல்ல. நாளைக்கு உன் புருஷன் உன்னை வெளிய போன்னு சொன்னா எங்க வந்து நிப்பன்னு யோசிச்சுக்கோ."

அந்த ஊரில் புருஷனோடு மனம் கசந்த பெண் அண்ணன் தம்பி வீட்டுக்குப் போவாள். புருஷன் நாலு பெரியவர்களோடு வந்து கேட்டு அழைத்துப்போவான். அந்த வாசல் இல்லாதவளைக் கூப்பிட யாரும் வரவேண்டியதில்லை. இது ஹியாமுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் கூடத்தில், மாமியார் முன்னாலேயே சொன்னாள். "கார் வெட்டி ஒட்டினது. நதீமுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதாம விட்டிருக்கான்."

உம்மு ஷாஹிர் போனை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"நதீம், மகனே. உன் அக்கா உன்னப் பத்தி ஒரு கதை சொல்றா. கார் வெட்டினதாம். நீ மறைச்சியாம்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த என்ஜின் நின்றது.

"எனக்கே வெக்கமா இருக்கு, உம்மு ஷாஹிர்," என்றான் நதீம். "காலைல வந்தா. அந்த காருக்குக் கெட்ட தாள் ஒண்ணு எழுதிக் குடுன்னு நின்னா. தன் பேர்ல சின்ன கார் வேணுமாம். நான் முடியாதுன்னுட்டேன். பெரியவங்க நீங்க, மன்னிச்சுக்குங்க."

ஹியாம் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது அணைந்த பிறகும் பார்த்தாள்.

"கேட்டியாடா?" உம்மு ஷாஹிரின் குரல் உயரவில்லை. "கூடப் பொறந்தவனையே சாக்கடைல தள்ளுறவ என்னை எங்க தள்ளுவா?"

"ஏன் ஹியாம் இப்படி?" என்றான் ஷாஹிர்.

"நீங்களே டிக்கியில கையை வச்சுப் பாருங்க."

"போதும்."

திங்கட்கிழமை சாயங்காலம் கார் வாசலுக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். உம்மு ஷாஹிர் அவர்களை ஒவ்வொருவராகப் பின்சீட்டில் உட்கார வைத்தாள். "என் மருமகளுக்கு மட்டும்தான் இது ஆகல," என்றாள். "தம்பியைப் பொய்யன்னு சொல்லிப் பாத்தா. பலிக்கல." பெண்கள் ஹியாமைப் பார்த்தார்கள். அவள் தேநீர்த் தட்டோடு நின்றாள். ஒருத்தி மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் உம்மு ஷாஹிர் மருமகள் சமைத்ததைச் சாப்பிடவில்லை. "பொய் பேசுறவ கைப்பட்டது எனக்கு வேண்டாம்," என்று ரொட்டியும் தயிரும் தானே எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் காரைத் துடைக்கச் சொன்னாள். "நான் என் புருஷனுக்குத் துடைச்சேன். நீ உன் புருஷனுக்குத் துடை." ஹியாம் துடைத்தாள். செவ்வாய்க்கிழமை ஷாஹிர் அம்மாவைக் கிளினிக்குக்கு ஓட்டிப்போனான். லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப்போயின. "மந்திரி கார் அப்படித்தான் நிதானமாப் போகும்," என்று வந்து சொன்னாள்.

ஒன்பது வயது தாலா அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "நதீம் மாமா சொன்னது நிஜமாம்மா?"

"இல்ல."

"அப்ப எல்லாரும் ஏன் அவரை நம்புறாங்க?"

ஹியாம் துணியைப் பிழிந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஷாஹிர் அவளைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டான்.

"நாளைக்குக் கல்யாணம். அம்மா உன்னோட பேசாம அங்க வந்து நின்னா நல்லாருக்காது. போய் மன்னிப்புக் கேளு."

"எதுக்கு?"

"பொய் சொன்னதுக்கு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"கேக்குறேன்," என்றாள். "ஆனா குழந்தைங்க அந்த கார்ல ஏறக் கூடாது. சின்ன கார்ல நான் ஓட்டிட்டு வரேன். இதுக்குச் சரின்னா கேக்குறேன்."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னு சொல்றேனே."

கூடத்தில் உம்மு ஷாஹிர் கல்யாணத்துக்கு உடுத்தும் கறுப்பு அங்கியை மடியில் விரித்து, சிவப்பு நூல் வேலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஹியாம் எதிரே நின்றாள்.

"நான் பொய் சொன்னேன் அத்தை. மன்னிச்சுடுங்க."

"சத்தமா. குழந்தைங்க காதுல விழட்டும்."

"நான் பொய் சொன்னேன்."

தாலா சுவரோரம் நின்றிருந்தாள். தம்பியின் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை காலை. கறுப்பு கார் துடைத்து நின்றது. ஹியாம் குழந்தைகளைச் சின்ன காரின் பக்கம் கூட்டிப்போனாள்.

"எங்க கூட்டிட்டுப் போற?" உம்மு ஷாஹிர் வாசலில் நின்றாள். ஷாஹிரின் கோட்டு அவள் கையில் இருந்தது. கல்யாணத்துக்காக அதைப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தாள். "பேரப்பிள்ளைங்க என்னோட வரும். ரெண்டு பக்கமும் ரெண்டு பேரோட நான் எறங்கறதை என் தங்கச்சி நஜ்லா பாக்கணும்."

"அவர்கிட்ட சொல்லியிருக்கேன் அத்தை. குழந்தைங்க என்னோட."

"ஷாஹிர்?"

படியில் நின்ற ஷாஹிர் ஷூவுக்கு முடிச்சுப் போட்டான். ரொம்ப நேரம் போட்டான். "கொஞ்ச தூரம்தானே ஹியாம். விடேன்."

ஹியாம் இரண்டு குழந்தைகளின் கையையும் பிடித்துக்கொண்டாள். "ஏற மாட்டாங்க."

"நேத்துப் பொய்னு சொன்ன," என்றாள் மாமியார். "இன்னைக்கு நிஜமாயிடுச்சா? உனக்கு எத்தனை நாக்கு?"

"ஏற மாட்டாங்க."

"அப்ப உன் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. பிள்ளைங்க இங்க இருக்கும். போ, உன் தம்பி வாசலத் திறந்து வச்சிருப்பான்." எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. உம்மு ஷாஹிர் கோட்டை வேகமாக உதறினாள். உள்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்று விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். நீல முத்திரை. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இது காருக்குள்ள இருக்க வேண்டிய தாளா? வழில போலீஸ் கேப்பானே. தாலா, இதைப் படி."

"அதைக் குடுங்கம்மா," என்றான் ஷாஹிர். முடிச்சுப் போடாத ஷூவோடு இறங்கினான். தாலா அதற்குள் மறு கையை நீட்டி வாங்கிவிட்டாள். பள்ளியில் படிப்பது போல உரக்கப் படித்தாள்.

"முன் வலது, நல்லது. முன் இடது, நல்லது. பின் வலது, நல்லது. பின் இடது, நல்லது."

"பாத்தியா?" என்றாள் உம்மு ஷாஹிர் ஹியாமிடம்.

"இன்னும் ஒரு வரி இருக்கு பாட்டி. குறிப்பு. காரின் தளம் நடுவில் வெட்டி ஒட்டப்பட்டது. ஆட்களை ஏற்றத் தகுதியற்றது." தாலா நிமிர்ந்தாள். "தகுதியற்றதுன்னா என்னப்பா?"

ஷாஹிர் தாளுக்குக் கை நீட்டினான்.

"தேதியப் படி," என்றாள் ஹியாம்.

"திங்கள். காலை ஒன்பது மணி."

உம்மு ஷாஹிர் மகன் பக்கம் திரும்பினாள். "காரை எழுதி வாங்கினது திங்கக்கிழமை மதியம்."

"அம்மா..."

"மதியம்தானே?"

"கை குடுத்துட்டேன்மா. நீங்க சித்திக்குச் சொல்லிட்டீங்க, தெருவுக்கெல்லாம் சொல்லிட்டீங்க. மச்சான் தாளை நம்பாம வேற இடத்துக்குத் திருட்டுத்தனமாப் போனேன்னு எப்படிச் சொல்றது? அவனையும் நான் அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்." அவன் குரல் இறங்கியது. "மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

ஹியாம் அவனைப் பார்த்தாள். "நேத்து என்னைப் பொய்னு சொல்லச் சொன்னீங்க."

"வீட்டுல சண்டை ஓயட்டும்னு..."

"தெரிஞ்சு சொல்லச் சொன்னீங்க."

அவன் மணிக்கட்டைத் தூக்கினான். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"செவ்வாக்கிழமை என்னை அதுலதான் கூட்டிட்டுப் போன," என்றாள். "லாரிங்க நடுவுல. தெரிஞ்சே." கோட்டின் வெளிப்பையில் கையை விட்டுச் சின்ன காரின் சாவியை எடுத்தாள். கோட்டைக் கறுப்பு கார் மேல் போட்டாள். யஸனைப் பிடித்திருந்த ஹியாமின் கைக்குள் சாவியைத் திணித்தாள். "நீ ஓட்டு."

"நானும் வரேன்மா."

"உனக்குத்தான் கார் இருக்கே. அதுல உக்காந்திரு."

பிறகு உம்மு ஷாஹிர் ஹியாமைக் கட்டிக்கொண்டாள். தோளில் முகத்தைப் புதைத்து, "மகளே... மகளே..." என்று அழுதாள். கட்டிக்கொள்ள ஹியாமுக்குக் கை இல்லை. இரண்டு கையிலும் குழந்தைகள் இருந்தார்கள். அவள் விடவில்லை.

வழியில் சுவைலிஹ் ஊரைத் தாண்டும் வரை உம்மு ஷாஹிர் முன்சீட்டில் உட்கார்ந்து அழுதாள். பிறகு தலைத்துணியின் முனையால் முகத்தைத் துடைத்தாள்.

"நதீம் ஏன் அப்படிச் சொன்னான்?"

"அவன் பிழைப்பு."

"இனி நீ அங்க போக முடியாது."

"முடியாது."

"என் வாசல் இருக்கு உனக்கு."

ஹியாம் சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

சல்த் ஊரில் கல்யாண வீடு மேட்டில் இருந்தது. அடிவாரத்தில் கல்படிகள் ஆரம்பிக்கும் இடத்தில் நஜ்லாவும் பத்துப் பதினைந்து பெண்களும் நின்றார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. சின்ன கார் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. உம்மு ஷாஹிர் இறங்கிய பிறகுதான் நஜ்லா திரும்பினாள்.

"என்னக்கா இது? மந்திரி கார் எங்க? காலைலேருந்து பசங்களை ரோட்டுல நிக்க வச்சிருக்கேன். ஷாஹிர் எங்க?"

பெண்கள் சுற்றி வந்தார்கள். உம்மு ஷாஹிரின் முகம் ஒரு கணம் காலியாக இருந்தது. பிறகு சிரித்தாள்.

"ஹியாமுக்குப் பெரிய கார்னா பயம்டி. தலை சுத்துதாம். அவளுக்காகத்தான் இதுல வந்தோம். ஷாஹிருக்கு வேலை வந்துடுச்சு."

"மருமகளுக்காகவா?" ஒருத்தி வாயில் கை வைத்தாள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மாமியாரா? என் மாமியா என்னை டிக்கில போட்டுக் கொண்டுவந்திருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நஜ்லா ஹியாமின் கன்னத்தைக் கிள்ளினாள். "அதிர்ஷ்டக்காரி நீ."

ஹியாம் காரின் பக்கத்திலேயே நின்றாள். தாலா அவளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாச் சொல்லுங்க அத்தை," என்றாள்.

"என்னம்மா?"

"நடந்ததைச் சொல்லுங்க."

"மேல போய்ப் பேசலாம் மகளே. கல்யாண வீடு."

"இங்கயே சொல்லுங்க. இல்லன்னா குழந்தைங்களோட நான் கிளம்புறேன்."

"எங்க போவ?" என்றாள் உம்மு ஷாஹிர். பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளே உதட்டைக் கடித்தாள்.

"தெரியல," என்றாள் ஹியாம். பின்கதவைத் திறந்தாள். யஸன் ஏறினான். தாலா ஏறினாள்.

மேளக்காரன் நிறுத்திவிட்டான். நஜ்லா அக்காவைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். ஹியாம் ஓட்டும் பக்கம் சுற்றிப் போய்க் கதவில் கை வைத்தாள்.

"அந்தக் கார் வெட்டி ஒட்டினது," என்றாள் உம்மு ஷாஹிர்.

"என்னது?"

"ரெண்டு பிணத்தை ஒண்ணா ஒட்டின மாதிரி. ஹியாம் பாத்த அன்னைக்கே சொன்னா. நான் நம்பல. அவ தம்பி பொய் சொன்னான், அதை நம்பினேன்." அவள் யாரையும் பார்க்காமல் பேசினாள். "ஷாஹிருக்குத் தெரியும். தெரிஞ்சே வாங்கினான். தெரிஞ்சே என்னை ஏத்தினான். பேரப்பிள்ளைங்களையும் ஏத்தப் பாத்தான். ஹியாம் விடல. அதுக்கு நான் அவளைப் பையை எடுத்துக்கிட்டுப் போன்னு சொன்னேன். பொய் சொன்னேன்னு சொல்ல வச்சேன், பிள்ளைங்க முன்னால. ரெண்டு தடவை." அங்கியின் கைநுனியை இழுத்துவிட்டாள். "அவ சமைச்சதை ஒரு வாரமா நான் தொடல."

சிரித்தவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் உம்மு ஷாஹிர். ஹியாமைப் பார்த்துத்தான் கேட்டாள். கண்ணீர் மோவாயில் தொங்கியது. அவள் துடைக்கவில்லை.

"இவ்வளவுதான்."

ஹியாம் குழந்தைகளை இறக்கினாள். நஜ்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு மேளக்காரனைக் கையசைத்து முடுக்கினாள். பெண்கள் முன்னால் ஏறிப்போனார்கள். தாலா தம்பியை இழுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினாள்.

உம்மு ஷாஹிர் முதல் படியில் நின்று மேலே பார்த்தாள். கைப்பிடிச் சுவர் இல்லாத செங்குத்தான படிகள். இதற்கு முன்பு இங்கே வந்தபோதெல்லாம் ஷாஹிரின் கை இருந்தது. அவள் கேட்கவில்லை. கையை நீட்டவும் இல்லை.

ஹியாம் அவள் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்தாள். அவள் விழாமல் இருக்க எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அவ்வளவு மட்டும் பிடித்தாள்.